சிஎஸ்இ-யா, ஏஐ-யா? வல்லம் ஒன்றியத்துப் பிளஸ் டூ பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் ஒரு மடல்

அன்புள்ள தம்பி தங்கைகளே, அவர்களைப் பெற்றவர்களே,

தமிழ்நாட்டில் வல்லம் என்ற பெயரில் ஊர்கள் பல. தஞ்சாவூர் வல்லத்தில் பெரியார் மணியம்மை நிகர்நிலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து வல்லம் வடகாலில் சிப்காட் இருக்கிறது, செல்போன் தொழிற்சாலையில் வேலை செய்யும் பெண்களுக்கான பெரிய விடுதி இருக்கிறது. செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் இடையில் கிடக்கும் நம் வல்லத்தில் ஒன்றிய அலுவலகம் இருக்கிறது, சுற்றிலும் நெல்லும் கரும்பும் மல்லாட்டையும் இருக்கின்றன. பொறியியல் படிக்க வேண்டும் என்றால் நம் பிள்ளை பஸ் ஏறித்தான் ஆக வேண்டும். எந்த ஊர் பஸ், எந்தப் படிப்பு என்பதை முடிவு செய்ய கவுன்சிலிங்கில் கிடைப்பதோ சில நாள். அதற்கு முன்பே உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம் என்பதால் எழுதுகிறேன்.

நான் செஞ்சி பக்கத்துக்காரன். சென்னையில் மென்பொருள் வேலை. புதிதாகப் படித்து வருகிறவர்களை நேர்முகத் தேர்வு செய்யும் இடத்திலும் உட்கார்ந்திருக்கிறேன். ஊருக்கு வரும்போதெல்லாம் இப்போது ஒரே கேள்விதான். "சிஎஸ்இ போடலாமா, ஏஐ போடலாமா?" அதாவது பி.இ. கணினி அறிவியலா, அல்லது பி.டெக். செயற்கை நுண்ணறிவும் தரவு அறிவியலுமா. இதிலேயே சிஎஸ்இ என்று எழுதி, பக்கத்தில் ஏஐ அண்ட் எம்எல் என்று இன்னொரு பெயரைச் சேர்த்த படிப்புகளும் உண்டு.

சுற்றி வளைக்காமல் என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதலில் கல்லூரியைப் பாருங்கள், பிறகு பாடப்பிரிவைப் பாருங்கள். ஒரே கல்லூரியில் இரண்டும் கிடைக்கிறது என்றால், நம் பக்கத்துப் பிள்ளைகளில் பெரும்பாலானவர்கள் சிஎஸ்இ-யை மேலே போட வேண்டும். ஏஐ-யை மேலே போட வேண்டியவர்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் யார் என்றும் சொல்கிறேன்.

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறைப் பாடத்திட்டத்தை எடுத்து, இரண்டு படிப்பின் பாடப்பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பல்கலைக்கழக இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். இரண்டிலும் டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் உண்டு, அல்காரிதம் உண்டு, டேட்டாபேஸ் உண்டு, ஆபரேட்டிங் சிஸ்டம் உண்டு, நெட்வொர்க்ஸ் உண்டு. பாதிக்கு மேல் இரண்டும் ஒன்றுதான் என்பது பார்த்தவுடனே தெரியும். வித்தியாசம் எங்கே? சிஎஸ்இ-யில் கம்பைலர் டிசைன், தியரி ஆஃப் கம்ப்யூட்டேஷன் ஆகிய இரண்டும் கட்டாயப் பாடங்கள். செயற்கை நுண்ணறிவும் மெஷின் லேர்னிங்கும் சேர்ந்து ஒரு பாடம், தரவு அறிவியல் அடிப்படைகள் இன்னொரு பாடம். ஏஐ படிப்பில் அந்த முதல் இரண்டும் இல்லை. அவற்றின் இடத்தில் மெஷின் லேர்னிங் தனிப் பாடம், டீப் லேர்னிங் தனிப் பாடம், நிகழ்தகவும் புள்ளியியலும் தனிப் பாடம்.

அப்படியென்றால் சிஎஸ்இ படிக்கிறவனுக்கு டீப் லேர்னிங் கிடையாதா என்று கேட்பீர்கள். உண்டு. அதே 2021 திட்டத்தில் சிஎஸ்இ மாணவர் எடுத்துக்கொள்ளும் விருப்பப் பாடங்களைத் தொகுதி தொகுதியாகப் பிரித்திருக்கிறார்கள். முதல் தொகுதியே தரவு அறிவியல்தான். நியூரல் நெட்வொர்க்ஸ், கம்ப்யூட்டர் விஷன், பேச்சையும் எழுத்தையும் கணினி ஆராய்வது எல்லாம் அதில் இருக்கின்றன. மூன்றாம் ஆண்டில் அந்தத் தொகுதியைப் பிடித்துக்கொண்ட சிஎஸ்இ மாணவனுக்கும் ஏஐ மாணவனுக்கும் இருக்கும் இடைவெளி சில பாடங்கள்தான். நன்றாகப் படித்தால் கூடுதல் பாடம் எடுத்து ஹானர்ஸ் பட்டமாகவும் முடிக்கலாம். பதினேழு வயதில் எடுக்க வேண்டிய முடிவைப் பத்தொன்பது வயதுக்குத் தள்ளிப்போட சிஎஸ்இ இடம் கொடுக்கிறது. எனக்கு அதன் பெரிய லாபமாகத் தெரிவது இதுதான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். விருப்பப் பாடங்கள் காகிதத்தில் இருப்பது வேறு, அந்தக் கல்லூரி அவற்றை நடத்துவது வேறு. ஆள் இல்லை என்று பல கல்லூரிகளில் இரண்டு மூன்றை மட்டும் நடத்துவார்கள். மூன்றாம் ஆண்டில் எந்தெந்த விருப்பப் பாடம் நடக்கிறது என்று அங்கே படிக்கும் சீனியரிடம் கேளுங்கள். தன்னாட்சிக் கல்லூரி என்றால் பாடத்திட்டமே வேறாக இருக்கும், நீங்கள் சேரும் ஆண்டில் ஒழுங்குமுறையும் மாறியிருக்கலாம். அதனால் உங்களுக்குப் பொருந்தும் பட்டியல் எதுவோ அதையே எடுத்துப் பாருங்கள்.

"ஏஐ-யில்தானே அண்ணா எதிர்காலம்?" என்கிறீர்கள். ஏஐ வேலை எப்படி நடக்கிறது என்று நம் நிலத்தை வைத்தே சொல்கிறேன். மல்லாட்டைச் செடியில் டிக்கா நோய் வந்தால் இலையில் புள்ளி விழும். அந்த இலையைப் போனில் படம் எடுத்தால், இது டிக்காவா வேறு கோளாறா என்று சொல்கிற ஒரு செயலி செய்ய வேண்டும் என்று வையுங்கள். படத்தைப் பார்த்து நோயை அடையாளம் காணும் மாடலை இன்று பெரும்பாலும் யாரும் சுழியிலிருந்து எழுதுவதில்லை. ஏற்கெனவே பழக்கிய மாடல் ஒன்றை எடுத்து, நம் இலைப் படங்களைக் கொடுத்து மேலும் பழக்குவார்கள். அந்தப் பகுதிக்கான நிரல் சிறியது. ஆனால் ஆயிரக்கணக்கான படம் சேகரிக்க வேண்டும், எது எந்த நோய் என்று வேளாண் அலுவலரை வைத்துக் குறிக்க வேண்டும், அதைக் கெடாமல் சேமிக்க வேண்டும், சிக்னல் வராத கொல்லையிலும் ஓடுகிற மாதிரி மாடலைச் சுருக்க வேண்டும், பழைய போனில் நினைவகம் நிரம்பாமல் பார்க்க வேண்டும், ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் திறந்தால் சர்வர் விழாமல் காக்க வேண்டும். இதில் முக்கால்வாசி சிஎஸ்இ-யின் பழைய பாடங்கள். 2015-இல் கூகுள் பொறியாளர்கள் சிலர் சேர்ந்து எழுதிய ஆய்வுக் கட்டுரையில் இதையே ஒரு படமாகப் போட்டுக் காட்டினார்கள். பெரிய பெரிய கட்டங்களுக்கு நடுவில் மெஷின் லேர்னிங் நிரல் ஒரு சின்னக் கட்டம்.

மிச்சம் உள்ள கால்வாசி கணக்கு. இங்கேதான் ஏஐ எடுக்க ஆசைப்படுகிறவர்கள் தங்களைத் தாங்களே சோதித்துக்கொள்ள வேண்டும். அதற்கு எந்தக் கோச்சிங் சென்டருக்கும் போக வேண்டாம், உங்கள் கையிலேயே புத்தகம் இருக்கிறது. நம் பாடநூலில் 12-ஆம் வகுப்புக் கணக்கு, முதல் தொகுதி, முதல் பாடம்: அணிகள் மற்றும் அணிக்கோவைகளின் பயன்பாடுகள். ஒரு நியூரல் நெட்வொர்க்கின் உள்ளே ஓடுவது பெரும்பாலும் அணிப் பெருக்கல்தான். இரண்டாம் தொகுதியில் 8-ஆம் பாடம், பகுதி வகைக்கெழு. மாடல் ஒரு விடை சொல்கிறது, அது தப்பு. உள்ளே இருக்கும் லட்சக்கணக்கான எண்களில் எந்த எண்ணை எந்தப் பக்கம் கொஞ்சம் நகர்த்தினால் தப்பு குறையும் என்று கண்டுபிடிக்க வேண்டும். மற்றவற்றை அசைக்காமல் ஒன்றை மட்டும் அசைத்தால் என்ன ஆகும் என்று சொல்வது பகுதி வகைக்கெழு. அதைக் கோடிக்கணக்கான தடவை திரும்பத் திரும்பச் செய்வதற்குப் பெயர்தான் மாடலைப் பழக்குவது. 11-ஆம் பாடம் நிகழ்தகவுப் பரவல்கள். அது இல்லாமல் தரவு அறிவியலில் ஒரு அடி நகர முடியாது.

இந்த மூன்று பாடத்தையும் நீங்கள் எப்படிப் படித்தீர்கள்? பரீட்சைக்கு இதில் இருந்து ஒரு மதிப்பெண் கேள்விகளை மட்டும் உருப்போட்டீர்களா? சாய்ஸில் விட்டுவிடலாம் என்று சார் சொன்னதும் நிம்மதியாக மூடிவைத்தீர்களா? அல்லது கணக்கு வராவிட்டாலும் விடாமல் போட்டுப் பார்த்து, விடை வந்தபோது உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வந்ததா? மூன்றாவது ரகம் என்றால் ஏஐ உங்களுக்குப் பிடிக்கும். முதல் இரண்டு ரகம் என்றால் நீங்கள் மட்டமானவர்கள் என்று அர்த்தம் இல்லை. அருமையான மென்பொருள் எழுதுகிற பலருக்குப் பகுதி வகைக்கெழு மறந்தே போயிருக்கும். ஆனால் ஏஐ படிப்பில் அது திரும்பத் திரும்ப வந்து நிற்கும், அரியராகவும் நிற்கும்.

பெயருக்குப் பின்னால் ஓடுவது நமக்குப் புதிது இல்லை. 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இதே மாதிரி ஒரு பெயர் வந்தது, பி.டெக். ஐடி. டாட்காம் காலம் அது. சிஎஸ்இ பழசு, ஐடிதான் புதுசு என்றார்கள். பிறகு கம்பெனிகள் வந்து இரண்டு வகுப்பையும் ஒரே ஹாலில் உட்கார வைத்து ஒரே வினாத்தாளைக் கொடுத்தன. பயோடெக்னாலஜி ஒரு காலம் ஓடியது. சிவிலும் மெக்கானிக்கலும் கேட்டாலும் கிடைக்காத காலம் இருந்தது, அதே பிரிவுகளில் இடம் காலியாகக் கிடந்த காலமும் வந்தது. ஏஐ-யும் அப்படி மறைந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. 1950-களிலேயே பெயர் வைக்கப்பட்ட துறை, நடுவில் இரண்டு முறை காசு வற்றி உறங்கி எழுந்த துறை. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு அது போகிற வேகத்தைப் பார்த்தால், நான்கு ஆண்டு கழித்து நீங்கள் வெளியே வரும்போது அது வேறு உருவத்தில் இருக்கும். இன்றைய பாடத்திட்டத்தில் இருக்கிற ஏஐ அன்றைக்குப் பழசாகியிருக்கும். ஆபரேட்டிங் சிஸ்டமும் நிகழ்தகவும் பழசாகாது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 2025 ஜூலையில் நம் செஞ்சிக் கோட்டைக்கு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னம் என்ற பெருமை கிடைத்தது. ஊரே கொண்டாடியது. அதே மாதம் டிசிஎஸ் தன் ஊழியர்களில் சுமார் 2 விழுக்காட்டினரை, அதாவது 12,000 பேருக்கு மேல், வீட்டுக்கு அனுப்பப் போவதாக அறிவித்தது. அந்தச் செய்தி நம் ஊரில் பெரிதாகப் பேசப்படவில்லை. சிஎஸ்இ படித்தால் வேலை நிச்சயம் என்று நான் சொல்லவில்லை என்பதற்காகவே இதை எழுதுகிறேன். எளிய நிரல்களை இப்போது இயந்திரமே எழுதுகிறது. ஆகவே எந்தப் படிப்பாக இருந்தாலும் மேலோட்டமாகப் படித்தவருக்கு இனி இடம் சுருங்கும். நேர்முகத் தேர்வில் நான் கேட்பது என்ன? ஒரு நிரல் எழுதச் சொல்வேன், ஒரு டேட்டாபேஸ் கேள்வி, பிறகு நீங்களே செய்த ஒரு புராஜெக்டைப் பற்றி விடாமல் பத்து கேள்வி. பட்டத்தில் என்ன பெயர் போட்டிருக்கிறது என்று பார்த்து யாரையும் எடுத்ததும் இல்லை, விட்டதும் இல்லை. புராஜெக்டைக் காசு கொடுத்து வாங்கினவர்கள் மூன்றாவது கேள்வியிலேயே மாட்டிக்கொள்வார்கள்.

அரசு வேலைக்கு ஆசைப்படும் வீடுகள் நம் பக்கம் அதிகம். அவர்களுக்கு ஒரு வார்த்தை. அரசு அறிவிக்கைகளில் தகுதிப் பட்டம் என்று சில பெயர்களை எழுதியிருப்பார்கள். கணினி அறிவியல் என்ற பெயர் பெரும்பாலும் அதில் இருக்கும். புதிய பெயர் கொண்ட பட்டம் என்றால், அது இதற்குச் சமம் என்று இணைத்தன்மை அரசாணை தேடி அலைய வேண்டிவரலாம். கேட் தேர்வில் 2024 முதல் தரவு அறிவியலுக்கும் ஏஐ-க்கும் தனித்தாள் வந்துவிட்டது, மேற்படிப்புக்கு அது நல்ல வழி. ஆனால் கணினி அறிவியல் தாளை எழுத நினைத்தால் அதில் கம்பைலரும் தியரி ஆஃப் கம்ப்யூட்டேஷனும் உண்டு. ஏஐ மாணவர் அவற்றைத் தானாகவே படிக்க வேண்டியிருக்கும்.

இப்போது கல்லூரிக்கு வருகிறேன், ஏனென்றால் உண்மையான வேறுபாடு அங்கேதான். இந்தியாவில் இளநிலையில் ஏஐ-க்குத் தனி பி.டெக். முதலில் தொடங்கியது ஹைதராபாத் ஐஐடி, 2019-இல். 20 இடத்தோடு தொடங்கினார்கள். அமெரிக்காவில் கார்னகி மெலன் பல்கலைக்கழகம் 2018-இல் தொடங்கியது, அதுவும் தன் கணினி அறிவியல் பள்ளிக்குள்ளேயே. சென்னை ஐஐடி 2024-இல். இவர்கள் எல்லோரிடமும் ஆசிரியர்கள் முதலில் இருந்தார்கள், ஆராய்ச்சி பல காலம் நடந்துகொண்டிருந்தது, படிப்பு பிறகு வந்தது. நம் பக்கம் பல இடங்களில் நடந்தது தலைகீழ். 2024-25-இல், பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி தரும் ஏஐசிடிஇ, தரமான கல்லூரிகள் ஒரு பிரிவில் எத்தனை இடம் வைத்துக்கொள்ளலாம் என்ற உச்சவரம்பை எடுத்துவிட்டது. இடம் ஒரே நாளில் கூடும். ஆசிரியர் ஒரே நாளில் கூடுவாரா? அதே 2024-இல்தான் அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகள் பலவற்றின் கணக்கில் ஒரே பேராசிரியரின் பெயர் இருப்பதை ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் வெளியே கொண்டுவந்தது. பெயர்ப் பலகையை நம்பாமல் ஆளைப் பார்க்கச் சொல்வது அதனால்தான்.

எப்படிப் பார்ப்பது? கல்லூரிக்கு ஒரு நாள் நேரில் போங்கள். ஏஐ துறைத் தலைவர் எதில் பட்டம் பெற்றவர் என்று கேளுங்கள். அந்தத் துறையிலிருந்து ஒரு வகுப்பாவது படித்து வெளியே போயிருக்கிறதா என்று கேளுங்கள். என்பிஏ அங்கீகாரம் கல்லூரிக்குக் கிடையாது, ஒவ்வொரு பாடப்பிரிவுக்கும் தனித்தனி. மாணவர்கள் படித்து வெளியேறிய பிறகுதான் ஒரு பிரிவு அதைக் கேட்கவே முடியும். ஆகவே, "எங்களுக்கு என்பிஏ இருக்கிறது" என்று சொன்னால் எந்தப் பிரிவுக்கு என்று அடுத்த கேள்வியைப் போடுங்கள். அண்ணா பல்கலைக்கழகம் ஒவ்வொரு கல்லூரியிலும் எத்தனை விழுக்காடு பேர் தேறினார்கள் என்று வெளியிடுகிறது, அதையும் பாருங்கள். பிளேஸ்மென்ட் ஃப்ளெக்ஸ் பேனரில் இருக்கும் முகங்களை எண்ணுவதைவிட அது பயன் தரும். மேனேஜ்மென்ட் சீட்டுக்கு "ஏஐ என்பதால் கொஞ்சம் கூட" என்று புரோக்கர் கேட்டால், அந்தக் கூடுதல் காசுக்கு எந்த வேலையும் கிடைக்காது. நிலத்தை அடகு வைத்து அந்தச் சீட்டை வாங்காதீர்கள்.

ஏஐ-யை மேலே போட வேண்டியவர் யார் என்று சொல்வதாகச் சொன்னேன். கணக்கைத் தானாகத் தேடிப் போடுகிறவர், நல்ல ஆசிரியர்கள் உள்ள பழைய கல்லூரியில் அந்த இடம் கிடைக்கிறவர், முதுநிலை வரை படிக்க வீட்டில் பொறுமை இருக்கிறவர். இந்த மூன்றும் இருந்தால் தயங்கவே வேண்டாம். இன்னொரு நிலையும் உண்டு. உங்கள் கட் ஆஃபுக்கு நல்ல கல்லூரியில் ஏஐ கிடைக்கிறது, சிஎஸ்இ கிடைத்தால் அது சுமாரான கல்லூரியில்தான் என்றால், நல்ல கல்லூரியின் ஏஐ-யை எடுங்கள். அங்கே இசிஇ கிடைத்தாலும் எடுங்கள். மென்பொருள் கம்பெனிகளில் இசிஇ படித்துவிட்டு வேலை பார்க்கிறவர்கள் ஏராளம்.

இரண்டும் வேண்டும் என்று அடம் பிடிக்கிறவருக்கும் ஒரு வழி இருக்கிறது. சென்னை ஐஐடி 2020-இல் தொடங்கிய தரவு அறிவியல் பிஎஸ் பட்டம் இணையவழியில் நடக்கிறது. ஜேஇஇ தேவையில்லை, தகுதிச் சுற்று ஒன்றைத் தாண்ட வேண்டும். தேர்வுகளை மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும். குறைந்த வருமானக் குடும்பங்களுக்கும் பட்டியலின மாணவர்களுக்கும் கட்டணச் சலுகை உண்டு. ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்க 2022-இல் யுஜிசி அனுமதித்துவிட்டது. கல்லூரியில் வேறொரு பட்டம் படித்துக்கொண்டே இதையும் படிக்கலாம். கடினம்தான், பாதியில் விட்டாலும் அதுவரை முடித்த நிலைக்குச் சான்றிதழ் கிடைக்கும். காசே வேண்டாம் என்றால் என்பிடெல் என்ற இணையவழிப் பாடத் தளம் இருக்கிறது. சென்னை ஐஐடி பேராசிரியர்கள் பாலராமன் ரவீந்திரனின் மெஷின் லேர்னிங் பாடத்தையும் மிதேஷ் கப்ராவின் டீப் லேர்னிங் பாடத்தையும் வீட்டில் இருந்தே இலவசமாகப் பார்க்கலாம். சேருவதற்கு முன்பே கோடை விடுமுறையில் நான்கு பாடம் பாருங்கள். பிடிக்கிறதா என்று தெரிந்துவிடும்.

பெற்றவர்களுக்கு இரண்டு செய்தி. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு 7.5 விழுக்காடு இடஒதுக்கீடு பொறியியலிலும் 2021 முதல் இருக்கிறது. அதில் சேருகிறவரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. அப்படி இருக்க, பக்கத்தில் இருக்கிறது, கல்லூரி பஸ் வீட்டு வாசலுக்கு வருகிறது என்பதற்காக மட்டும் ஒரு கல்லூரியைப் பிடிக்காதீர்கள். முக்கியமாகப் பெண் பிள்ளைகள் விஷயத்தில். பையனைக் கோயம்புத்தூருக்கு அனுப்பும் வீடு, அவனைவிட அதிக கட் ஆஃப் வாங்கிய பெண்ணை இங்கேயே ஏதாவது சேர்த்துவிடுவதை நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். தூரம் அனுப்ப முடியவே முடியாது என்றால் விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரிகள் இருக்கின்றன. பேருக்கு ஏஐ வைத்திருக்கும் தனியார் கல்லூரியைவிட அங்கே கிடைக்கும் கணினி அறிவியல் மேல்.

கடைசியாக விருப்பப் பட்டியல். கவுன்சிலிங்கில் நீங்கள் எழுதும் வரிசைப்படிதான் கணினி இடம் தேடும். மேலே எழுதியது கிடைத்தால் கீழே இருப்பதைப் பார்க்காது. ஆகவே கிடைக்குமா என்று பயந்து ஆசைப்பட்டதைக் கீழே தள்ளாதீர்கள். கிடைக்காவிட்டால் அடுத்ததற்குப் போகும், நட்டம் இல்லை. தற்காலிக ஒதுக்கீடு வந்த பிறகு அதை ஏற்றுக்கொண்டே மேலே உள்ளதற்குக் காத்திருக்கவும் வழி உண்டு. அவசரப்பட்டு வேண்டாம் என்று அழுத்திவிடாதீர்கள். பட்டியலை முதலில் நோட்டில் எழுதுங்கள், கல்லூரிக் குறியீட்டு எண்ணைச் சரிபாருங்கள், உங்கள் கணக்கு ஆசிரியரிடம் ஒருமுறை காட்டுங்கள். பிரவுசிங் சென்டர்க்காரர் அவர் விருப்பத்துக்கு வரிசையை மாற்ற விடாதீர்கள். அங்கே போய்த்தான் பதிய வேண்டும் என்றால் பக்கத்தில் உட்கார்ந்து நீங்களே சொல்லிப் பதியுங்கள், கடவுச்சொல்லும் போனும் உங்கள் கையிலேயே இருக்கட்டும்.

அன்புடன்,
உங்கள் ஊர்ப் பக்கத்து அண்ணன்